'போர்டு போச்சு' என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேமிங் லேப்டாப் என்றால் விளையாட்டுப் பையன்களுக்கு மட்டும் என்ற நிலைமை கொங்கு வட்டாரத்தில் எப்போதோ மாறிவிட்டது. திருப்பூரில் பிரிண்டிங் டிசைன் போடுகிறவர்கள், பனியன் கம்பெனிகளில் பேட்டர்னும் மார்க்கரும் போடுகிறவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், கோவை, பெருந்துறை, திருச்செங்கோடு பக்கம் படிக்கும் பொறியியல் மாணவர்கள் எனப் பலரும் தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பைத்தான் வாங்குகிறார்கள். ஒருநாள் திரையில் கோடு கோடாக வந்தாலோ, கலர் புள்ளிகள் தெறித்தாலோ, திரை கறுத்துப்போய்த் திரும்பி வந்தாலோ பதறியடித்துக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "கிராபிக்ஸ் சிப்பு போயிருச்சுங்க, போர்டு மாத்தோணும்." பல மாடல்களில் அந்தப் போர்டின் (மதர்போர்டு) விலை, லேப்டாப் விலையில் பாதியை நெருங்கும்.

சில நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனால் திரை, திரைக் கேபிள், டிரைவர் (சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), சூடு, சார்ஜர், ராம் இவற்றில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அடையாளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். எது கெட்டது என்று பிரித்துப் பார்க்கும் முதல் சோதனைகளுக்குக் காசு செலவில்லை, அரைமணி நேரம் போதும். அதைக் கண்ணெதிரே செய்துகாட்டாமல் போர்டுக்கு விலை சொல்கிற கடையில் லேப்டாப்பை விட்டுவிட்டு வராதீர்கள் என்று சொல்வதற்காகத்தான், இதே பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் நாங்கள் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் இரண்டு கிராபிக்ஸ் உண்டு. ஒன்று இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசருக்கு உள்ளேயே இருப்பது. இன்னொன்று என்விடியா போன்ற தனிச் சிப். லேப்டாப்பின் சொந்தத் திரை பல மாடல்களில் பிராசசர் கிராபிக்ஸோடுதான் இணைந்திருக்கும். கேம் ஓடும்போது என்விடியா சிப் படத்தை வரைந்து பிராசசர் கிராபிக்ஸிடம் கொடுக்க, அதுதான் திரைக்கு அனுப்புகிறது. சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போது என்விடியா சிப் தூங்கிக்கொண்டிருக்கும். அப்படியிருக்க, டெஸ்க்டாப்பிலேயே கோடு வருகிற லேப்டாப்பைப் பார்த்து 'என்விடியா போச்சு' என்று எப்படிச் சொல்ல முடியும்? மக்ஸ் சுவிட்ச் உள்ள மாடல்களில் மட்டும் தனிச் சிப்பை நேரடியாகத் திரையோடு இணைக்கலாம். அந்த மாதிரி லேப்டாப் என்றால் அதன் கன்ட்ரோல் ஆப்பில் இரண்டு மோடையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு மோடில் கோடு வந்து இன்னொன்றில் வராவிட்டால் பாதி விடை கிடைத்த மாதிரி.

இனி சோதனைகள். கோடு தெரியும்போதே விண்டோஸ் பட்டனோடு பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தி, கிடைக்கும் படத்தைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் பார்த்தாலும் படத்தில் அதே கோடும் புள்ளியும் இருந்தால், படம் வரையப்படும்போதே கெட்டிருக்கிறது. அதாவது சிப், அதன் மெமரி, டிரைவர் அல்லது அந்த கேம். போனில் படம் சுத்தமாக இருந்தால், வரைந்த பிறகு திரைக்குப் போகும் வழியில் கோளாறு. செல்போன் கேமராவால் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் இது தெரியாது. பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் வரும் செட்டிங் திரை. லேப்டாப்பை அணைத்து, ஆன் செய்த கையோடு எஃப்2 பட்டனைத் தட்டுங்கள் (எச்பி என்றால் எஃப்10, எம்எஸ்ஐ என்றால் டெலிட்). அந்த செட்டிங் திரை வரும்போது விண்டோஸும் கிடையாது, விண்டோஸ் டிரைவரும் கிடையாது. அங்கேயும் கோடு இருந்தால் டிரைவர் மேல் பழி போட வேண்டாம். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதும் வீண். பயாஸில் சுத்தமாக இருந்து விண்டோஸுக்குள் வந்தபின் மட்டும் கெட்டால், டிரைவர் மேல் சந்தேகத்துக்கு நிறைய இடமுண்டு.

மூன்றாவது, எச்டிஎம்ஐ கேபிளில் வீட்டு டிவியை இணைத்துப் பார்ப்பது. லேப்டாப் திரையில் கோடு, டிவியில் சுத்தம் என்றால் திரை அல்லது அதன் கேபிள். இரண்டிலும் கோடு என்றால் உள்ளே. இந்தச் சோதனையில் ஒரு எச்சரிக்கை: கேபிள் டிவி செட்டாப் பாக்ஸோடு இணைந்த டிவிக்கும், எர்த் இல்லாத பிளக்கில் சொருகிய லேப்டாப்புக்கும் நடுவில் மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். லேப்டாப்பின் மெட்டல் பாடியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதே, அதுதான். சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸ் ஒயரையும் டிவியிலிருந்து பிடுங்கிவிட்டு, எச்டிஎம்ஐயை முதலில் இணையுங்கள். சார்ஜரின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பிளக்கில் மாட்டும் பழக்கத்தால் எச்டிஎம்ஐ போர்ட் போய்விடுவது உண்டு.

திரைப் பக்கம்தான் கோளாறு என்று தெரிந்தால், மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் கோடு வந்து போனால், கீல் வழியாகப் போகும் டிஸ்ப்ளே கேபிள் மடிந்து நைந்திருக்கிறது. மாற்ற வேண்டியது அந்தக் கேபிளை மட்டும்தான், முழுத் திரையை இல்லை. கேபிள் வாங்கும்போது பின் எண்ணிக்கையைப் பாருங்கள். பெரும்பாலும் சாதாரண 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிக்கும்) திரைக்கு 30 பின், 144 ஹெர்ட்ஸும் அதற்கு மேலும் உள்ள திரைக்கு 40 பின். ஒன்றுக்கு ஒன்று சேராது. திரைக் கேபிளில் கை வைக்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றியே ஆக வேண்டும். திரைக்கு வெளிச்சம் தரும் லைன் அதே கேபிளில் கூடுதல் வோல்டேஜோடு போகிறது. கேபிளைக் கோணலாக இழுத்தால் பக்கத்துப் பின்னில் பட்டு, போர்டில் உள்ள சின்ன ஃபியூஸ் போய்விடும். அப்புறம் திரை இருட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால் மட்டும் படம் மங்கலாகத் தெரியும். அந்த ஃபியூஸுக்கும் சில இடங்களில் 'போர்டு போச்சு' என்றுதான் பெயர்.

கோளாறே இல்லாதவையும் கடைக்கு வருகின்றன. சார்ஜரைப் பிடுங்கினால் திரை ஒரு நொடி கறுத்துத் திரும்புகிறது என்பார்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க லேப்டாப் தானாகவே 144 ஹெர்ட்ஸிலிருந்து 60க்கு மாறுகிறது, அவ்வளவுதான். பேட்டரியில் ஓடும்போது மட்டும் வெளிச்சம் துடித்தால், இன்டெல் கிராபிக்ஸ் ஆப்பில் பவர் பகுதியில் 'பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்' என்பதை அணைத்துப் பாருங்கள். ஏஎம்டி என்றால் 'வேரி பிரைட்'. டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியல்) என்விடியாவையே காணோம் என்று வருகிறவர்களில் பலருக்கு ஈக்கோ மோட் ஆன் ஆகியிருக்கும். ஆசுஸில் ஆர்மரி க்ரேட், லெனோவோ லீஜியனில் வான்டேஜ் போன்ற ஆப்களில், பேட்டரி நிறைய நேரம் வரட்டும் என்று தனிச் சிப்பையே அணைத்து வைக்கும் வசதி அது. ஸ்டாண்டர்ட் அல்லது ஹைபிரிட் மோடுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் 'செத்த' சிப் எழுந்துவிடும்.

விண்டோஸ் தானே எழுதிவைக்கும் பதிவுகளையும் படிக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் தேதி வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புக் குறி உள்ள நாளில் 'லைவ் கெர்னல் ஈவென்ட்' என்று 141 அல்லது 117 இருந்தால் கிராபிக்ஸ் சிப் திணறி நின்றிருக்கிறது. ஈவென்ட் வியூவரில் இதே சமாச்சாரம் 4101 என்ற எண்ணில் வரும். சிப்பிடமிருந்து 2 நொடிக்குள் பதில் வராவிட்டால் விண்டோஸ் டிரைவரை உதறி மறுபடி கிளப்பும். திரை கறுத்துத் திரும்புவது அதனால்தான். திரும்பக் கிளப்ப முடியாமல் போனால் நீலத்திரை, எண் 116. இந்த 2 நொடியை ரிஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பட்டியல்) 8, 10 என்று கூட்டி வைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. நீண்ட நேரம் 3டி ரெண்டர் செய்கிறவர்களுக்கு அது பயன்படும். கேமில் திரை கறுப்பவருக்கு அது காய்ச்சலைக் குறைக்காமல் தெர்மாமீட்டரை ஒளித்து வைக்கிற வேலை.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் 'கோட் 43'ம் வந்தால் உடனே கைவிட வேண்டாம். சாதனம் கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள். டிரைவர் குழப்பத்தாலும் வரும், சிப் பழுதாலும் வரும். முதலில் லேப்டாப்பை முழுதாக அணையுங்கள். விண்டோஸில் சும்மா ஷட் டவுன் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாகப் பாதிதான் அணையும். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுக்க வேண்டும். பிறகு சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். ஏசர் மாடல்கள் பலவற்றில் அடிப்பக்கம் பேட்டரி ரீசெட்டுக்கு ஊசித் துளை ஒன்று இருக்கும், அதையும் பயன்படுத்தலாம். அதன் பிறகும் 43 நின்றால் டிரைவரைச் சுத்தமாக எடுத்துப் போட வேண்டும்.

இதைப் பலரும் அரைகுறையாகச் செய்வதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். பழைய டிரைவர் மேலேயே புதியதைப் போட்டால் பழைய ஃபைல்கள் தங்கிவிடும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு என்ற இலவச மென்பொருள்தான் இதற்குச் சரி. அதைத் தொடங்கும் முன், தேவையானதை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்: லேப்டாப் கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கான சிப்செட் டிரைவர், பிராசசர் கிராபிக்ஸ் டிரைவர், என்விடியா தளத்தில் 'நோட்புக்' வரிசையைத் தேர்ந்தெடுத்து எடுத்த டிரைவர். கடைசியாகச் சொன்னது பெரிய ஃபைல், 700 எம்பிக்கு மேல் வரும்.

அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். டிடியுவை ஓட்டுவதற்காக சேஃப் மோடுக்கு (தேவையானவை மட்டும் ஓடும் விண்டோஸ் நிலை) போகும்போது 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து அந்தக் கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டபின் தொடங்குங்கள். சேஃப் மோடில் நான்கு இலக்க பின் நம்பர் வேலை செய்யாமல் போகவும் வாய்ப்புண்டு, அதனால் அக்கவுண்ட் பாஸ்வேர்டும் ஞாபகம் இருக்கட்டும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற செட்டிங் வழியாக சேஃப் மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். டிக்கை எடுக்கும் வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடுக்கே போய்க்கொண்டிருக்கும். ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போவதே பாதுகாப்பு.

போவதற்கு முன் வைஃபையை அணையுங்கள், லேன் கேபிளைப் பிடுங்குங்கள். இதைத்தான் பாதிப் பேர் மறக்கிறார்கள். நெட் இருந்தால், டிடியு சுத்தம் செய்து முடித்த கையோடு விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ள ஏதோ ஒரு பழைய டிரைவரைப் பின்வாசல் வழியாகப் போட்டுவிடும். அதன்மேல் நீங்கள் போடும் டிரைவர் மறுபடி தகராறு செய்யும். சேஃப் மோடில் டிடியுவைத் திறந்து, ஜிபியு, என்விடியா என்று தேர்ந்தெடுத்து 'க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுங்கள். சாதா மோடுக்குத் திரும்பியதும் வரிசை முக்கியம்: முதலில் சிப்செட், அடுத்து இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ், கடைசியாக என்விடியா. என்விடியாவில் கஸ்டம் இன்ஸ்டாலேஷன் போய் 'க்ளீன் இன்ஸ்டாலேஷன்' டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து ஒருமுறை சோதித்தபின் நெட்டை இணையுங்கள்.

விண்டோஸ் மறுபடி மூக்கை நுழைக்காமலிருக்க, ப்ரோ பதிப்பில் குரூப் பாலிசியில் அப்டேட்டோடு டிரைவர் வராதபடி செய்யலாம். ஹோம் பதிப்பில் 'டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடி 'நோ' கொடுங்கள்.

எந்தப் பதிப்பைப் போடுவது? புதிதாக வந்ததுதான் நல்லது என்பது டிரைவர் விஷயத்தில் பொய். 2025 ஜனவரியில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைச் சிப்களோடு வந்த 572 வரிசை டிரைவர்களில் திரை கறுக்கும் புகார்கள் குவிந்தன. என்விடியாவே அவசரத் திருத்தப் பதிப்புகள் விட வேண்டி வந்தது. அப்போது 30, 40 வரிசை வைத்திருந்தவர்களில் பலர் 2024 டிசம்பரில் வந்த 566.36க்குத் திரும்பிப் போய் நிம்மதியானார்கள். 50 வரிசைக்கு அந்தப் பதிப்பு ஏறாது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய கோளாறு என்றால், அதற்கு முந்தைய பதிப்பைப் போட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை. டிசைன், எடிட்டிங் செய்கிறவர்கள் 'கேம் ரெடி'யை விட்டு 'ஸ்டூடியோ' டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். மாதாமாதம் வரும் புது கேமைத் துரத்தும் அவசரம் அதில் இல்லை.

பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஜிடிஎக்ஸ் 1050, 1060 போன்ற 10 வரிசைக்கு என்விடியா 2025 அக்டோபரோடு கேம் ரெடி டிரைவரை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். இந்தச் சிப்களுக்கு 580 வரிசை டிரைவர்தான் கடைசி. அதற்கு மேல் உள்ளதைப் போட்டால் 'பொருந்தாது' என்று வருவது பழுதில்லை. ஜிடிஎக்ஸ் 1650க்கு இந்தத் தடை கிடையாது, அது வேறு தலைமுறை.

ஒரே ஒரு கேமில் மட்டும் படம் முக்கோணம் முக்கோணமாக இழுபட்டால் அந்த கேமின் ஃபைல்களைச் சரிபார்த்து, டிஸ்க் க்ளீனப்பில் 'டைரக்ட்எக்ஸ் ஷேடர் கேஷ்' அழித்தாலே பெரும்பாலும் போதும். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் ஓவர்கிளாக் செய்து சிப்பின் வேகத்தைக் கூட்டியிருந்தால் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சூட்டுக்கு வருவோம். நம் பகுதிக்கென்றே உள்ள வில்லன் இதில்தான் இருக்கிறது: பஞ்சுப் பிசிறு. திருப்பூர், பல்லடம், சோமனூர், ஈரோடு பக்கம் நிட்டிங், விசைத்தறி, ஸ்பின்னிங் மில் ஓடும் இடங்களில் பயன்படும் லேப்டாப்பை எங்கேயும் கழற்றிப் பாருங்கள். ரோட்டுத் தூசி ஃபேன் இறக்கையில் ஒட்டும். பஞ்சுப் பிசிறு அப்படியில்லை. இறக்கையைத் தாண்டிப் போய், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு உட்பக்கமாக, ஃபேன் காற்று தகட்டில் மோதும் இடத்தில் பவானி ஜமுக்காளம் விரித்த மாதிரி கெட்டியாகப் படிந்துவிடும். பின்பக்கத் துளை வழியாக டார்ச் அடித்தால் தகடுகள் பளபளவென்று தெரியும். 'உள்ளே சுத்தமாத்தான் இருக்கு' என்று முடிவுகட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து வேக்குவம் வைத்தாலும் அந்தப் படலம் அசையாது.

ஃபேனைக் கழற்றினால்தான் அதை எடுக்க முடியும். அடிமூடியில் பத்துப் பன்னிரண்டு ஸ்குரூ இருக்கும், நீளம் வேறு வேறாக இருக்கும். ஒரு தாளில் லேப்டாப் வடிவம் வரைந்து அந்தந்த இடத்தில் ஸ்குரூவைக் குத்தி வையுங்கள். நீள ஸ்குரூவைக் குட்டைத் துளையில் திருகினால் கீபோர்டு பக்கம் புடைத்துக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஃபேனுக்கு இரண்டிலிருந்து நான்கு ஸ்குரூ. தூக்கியதும் படலம் கண்ணில் படும். ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் துணி மாதிரி ஒரே துண்டாக வந்துவிடும். மீதியைப் பல் பிரஷ்ஷால் தட்டினால் போதும். பெரும்பாலான மாடல்களில் ஹீட் சிங்க்கை அசைக்க வேண்டியதே இல்லை, சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் அப்படியே இருக்கும். நிட்டிங், தறி ஓடும் கட்டடத்திலேயே லேப்டாப் இருந்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள், மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை.

மெஷினுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசர் பைப்பை லேப்டாப்புக்குள் விடும் பழக்கம் நம் கம்பெனிகளில் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். அதுபோக, ஃபேன் தன் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும். சின்ன புளோயர் என்றாலும் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டே அடியுங்கள்.

சூட்டை ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். என்விடியா லேப்டாப் சிப்கள் பெரும்பாலும் 87 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஈரோட்டிலும் கரூரிலும் சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும்போது சிப்பும் அந்த அளவை ஒட்டித்தான் நிற்கும். 'ஹாட் ஸ்பாட்' காட்டும் மாடல்களில் அதற்கும் சாதா வெப்பநிலைக்கும் 10, 15 டிகிரி வித்தியாசம் சகஜம். 25ஐத் தாண்டினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட் சிங்க் சரியாக உட்காரவில்லை. பேஸ்ட் மாற்றும்போது பலர் சறுக்குவது தெர்மல் பேடில். மெமரி மேல் இருக்கும் பேட் 1 மில்லிமீட்டர் என்றால் 1 மில்லிமீட்டர்தான் போட வேண்டும். 'கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்' என்று 1.5 போட்டால் ஹீட் சிங்க் தூக்கிக்கொள்ளும், சிப்பில் சரியாகப் படாது. 'சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் சூடு அதிகம்' என்று வருகிற லேப்டாப்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாதாப் பேஸ்ட் திறந்த சிப்பில் சில மாதங்களில் ஓரங்களுக்குப் பிதுங்கிவிடுவதால், பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும் பிடிஎம்7950 என்ற ஷீட் கிடைத்தால் அதையே போடுங்கள். ஆசுஸ் ராக் மாடல்கள் சிலவற்றில் பிராசசர் மேல் லிக்விட் மெட்டல் இருக்கும். அது மின்சாரம் கடத்தும், போர்டில் ஒரு துளி சிந்தினால் கதை முடிந்தது. அந்த ஹீட் சிங்க்கை வீட்டில் கழற்ற வேண்டாம்.

சார்ஜர் விஷயத்தில் வாட் எண்ணைப் பாருங்கள். 180, 230, 240, 330 என்று மாடலுக்கு மாடல் மாறும். டூப்ளிகேட் சார்ஜரோ, 65 வாட் டைப் சி சார்ஜரோ போட்டால் கேம் திக்கித் திக்கி ஓடும். அது கிராபிக்ஸ் பழுது இல்லை. தறி மோட்டார், கிணற்று மோட்டார் கிளம்பும்போது லைட் மங்குவதால் லேப்டாப் கெட்டுவிடும் என்று பயப்படுகிறார்கள். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், குறைந்த வோல்டேஜ் அதற்குப் பெரிய பிரச்சினை இல்லை. நியூட்ரல் லூஸாகி வோல்டேஜ் எகிறுவதுதான் ஆபத்து. அதை எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

ராமை யாரும் சந்தேகப்படுவதில்லை. பிராசசர் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, அது லேப்டாப்பின் ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. கூடுதலாக ஒரு 8 ஜிபி ராம் வாங்கிப் போட்டபின் டெஸ்க்டாப்பில் புள்ளிகள் வந்தால், புது ராமைக் கழற்றிப் பாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகப் போட்டு, மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்னும் ஸ்கிரீன்ஷாட்டிலும் டிவியிலும் புள்ளிகள் ஒரே மாதிரி சீரான இடைவெளியில் வந்தால், சிப்பின் மெமரியைச் சோதிக்கலாம். ஓசிசிடி மென்பொருளில் விராம் (கிராபிக்ஸ் சிப்பின் மெமரி) சோதனை இருக்கிறது, அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் கோளாறுதான், நூற்றுக்கு ஒன்று பரவாயில்லை என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஆஃப்டர்பர்னரில் மெமரி வேகத்தை மைனஸ் 500 வைத்ததும் புள்ளிகள் மறைந்தால் மெமரி பலவீனம் என்பது கிட்டத்தட்ட உறுதி. ஏற்கெனவே சீக்காக இருக்கும் லேப்டாப்பில், சிப்பைக் கசக்கி வேலைவாங்கும் ஃபர்மார்க்கை மணிக்கணக்கில் ஓட்டி 'டெஸ்ட்' செய்வது மட்டும் வேண்டாம்.

இந்த நிலையிலும் முழுப் போர்டுதான் ஒரே வழி என்பதில்லை. 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 லேப்டாப்பில் வழக்கமாக நான்கு மெமரி சிப், 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060ல் ஆறு. கெட்டது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் மாற்றும் டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். அதற்கு மாட்ஸ் என்ற சோதனையை ஓட்டி, எந்தச் சிப் என்று ரிப்போர்ட் காட்ட வேண்டும், கேளுங்கள். ஆனால் 'ஹீட் கன் வச்சு எடுத்துக் கொடுத்துடறங்க' என்றால் யோசியுங்கள். சிப்பின் உள்ளே நுண்ணிய இணைப்புகள் விட்டுப்போயிருந்தால், சூட்டில் அவை தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். சில வாரம் ஓடும், மறுபடி போகும். ரீபால் செய்வது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் உள்ள ஈயக் குண்டுகளை மாற்றுவது, உள்ளே விட்ட இணைப்பை அது சரிசெய்யாது. எதைச் செய்யப் போகிறார்கள், எத்தனை நாள் வாரண்டி என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கம்பெனி வாரண்டி மிச்சமிருந்தால் வெளியில் சூடு வைக்கவே விடாதீர்கள்.

எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்கிரீன்ஷாட், பயாஸ், எச்டிஎம்ஐ மூன்றையும் வாடிக்கையாளர் முன்னாலேயே செய்து, முடிவை ஜாப் கார்டில் எழுதிக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை. வாடிக்கையாளர்களும் வெறும் கையோடு போகாமல், லேப்டாப் மாடல், டிரைவர் பதிப்பு எண், ரிலையபிலிட்டியில் கண்ட எண், எப்போதிலிருந்து, சார்ஜரிலா பேட்டரியிலா, எந்த கேமில் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கொடுக்கும் முன் டேட்டாவை பேக்கப் எடுத்து, எஸ்எஸ்டி, ராம் ஸ்டிக்கர்களை சீரியல் எண் தெரியப் போனில் படம் பிடித்து வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். பில் கையில் இருந்து கடையோ கம்பெனியோ இழுத்தடித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகாரைப் பதிவு செய்யலாம்.

இப்படிக்கு,
லேப்டாப் பழுதுபார்ப்போர் சிலர்,
திருப்பூர்.